காணிக் கோவைகளும் வெளியாரும்: நெக்ஸ்ட்கிளவுட்டில் அனுமதிகளை ஒழுங்குபடுத்திய கதை

காணிக்கு ஆவணம் இல்லாமலோ, இருக்கிற ஆவணத்தில் பிழை இருந்தோ அல்லல்படும் குடும்பங்களுக்கு உதவும் சிறிய அலுவலகம் ஒன்றில், திருகோணமலை நகரில், கணினி வேலைகளை நான் கவனிக்கிறேன். எங்களிடம் இருப்பதெல்லாம் மற்றவர்களின் காகிதங்கள். உறுதிகள் (காணி உரிமைப் பத்திரங்கள்), காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரங்கள், அளிப்புகள், நில அளவைப் படங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், மரணச் சான்றிதழ்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் கொண்டுபோனது போக மிஞ்சியவை சில. 2006இல் சம்பூர், மூதூர் கிழக்குப் பக்கமிருந்து இடம்பெயர்ந்தபோது பொலித்தீன் பையில் சுற்றிக் கையோடு எடுத்துவந்தவை சில. பல ஊர் தாண்டி, பல முகாம் தாண்டி இந்தக் காகிதம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பதை ஒவ்வொன்றையும் ஸ்கேனரில் வைக்கும்போது நான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு குடும்பத்தின் காகிதங்கள் சேர்ந்தது ஒரு கோவை. கோவையை எங்கள் ஊழியர்கள் மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் எந்த வேலையும் முடியாது. நில அளவையாளருக்கு எல்லை விவரம் வேண்டும். சட்டத்தரணிக்கு முழுக் கோவையும் வேண்டும். சிங்களத்தில் இருக்கும் கடிதங்களைத் தமிழாக்கித் தருபவர் வேறு ஊரில் இருக்கிறார். ஸ்கேன் வேலைக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் வருகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை கணக்காய்வாளர் வருகிறார். இவர்கள் எல்லோரும் எங்கள் சம்பளப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்கள், ஆனால் இவர்கள் இல்லாமல் வேலை நகராது. முன்பு இவர்களுக்கெல்லாம் வட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும்தான் காகிதங்கள் போய்க்கொண்டிருந்தன. அதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு சிறிய அலுவலகங்களுக்கு உதவும் என்பது என் நம்பிக்கை.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. காணிப் பிணக்கில், ஒரு குடும்பத்திடம் எந்தக் காகிதம் இல்லை என்பது தெரிந்தாலே எதிர்த்தரப்புக்குப் பாதி வேலை முடிந்துவிடும். அடையாள அட்டை எண்ணும் லேசான விடயமில்லை. பழைய எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 12 இலக்கப் புதிய எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாக விரிந்தது, முறை அதேதான். எண்ணைப் பார்த்தவருக்குப் பிறந்த தேதியும் தெரிந்துவிடுகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொன்ன நோக்கத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் ஒருவரின் தரவைக் கையாளக் கூடாது என்றுதான் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்துதான் ஆகவேண்டும்.

மென்பொருளுக்கு அதிகம் அலையவில்லை. கோப்புகளைச் சேமித்துப் பகிர்வதற்கான நெக்ஸ்ட்கிளவுட் இலவசம், நம்முடைய இயந்திரத்திலேயே ஓடும், வெளியாருக்கென்று தனிக் கணக்கு வகை அதில் இருக்கிறது. 2016இல் ஓன்கிளவுட் என்ற இதே வகை மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, நன்றாகப் பராமரிக்கப்படுவது. அலுவலகத்தில் இருந்த மேசைக் கணினியில் உபுண்டு இயங்குதளம் போட்டு, யூபிஎஸ் ஒன்றோடு இணைத்து, டொமைன் பெயருக்கு, இணைப்பைக் குறியாக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழும் போட்டாயிற்று. இந்தப் பகுதிக்கு இணையத்தில் நல்ல வழிகாட்டிகள் நிறைய இருக்கின்றன, அதனால் நேராக அனுமதிக்கு வருகிறேன்.

முதல் திட்டம், அதை ஏன் விட்டோம்

எல்லோருக்கும் முதலில் தோன்றும் திட்டம் ஒன்று இருக்கிறது. ‘கோவைகள்’ என்று ஒரே ஒரு பொது ஃபோல்டர். முன்பு குரூப் ஃபோல்டர் என்றிருந்த, இப்போது டீம் ஃபோல்டர் என்று பெயர் மாறிய செயலியில் (நெக்ஸ்ட்கிளவுட்டோடு சேர்த்து நிறுவும் சிறு மென்பொருள்) அதை அமைப்பது. நில அளவையாளர், சட்டத்தரணி, மொழிபெயர்ப்பாளர், மாணவர் என்று குழுக்கள். பிறகு அந்தச் செயலியில் உள்ள மேம்பட்ட அனுமதிகளைத் திறந்து, ஒவ்வொரு உள் ஃபோல்டரிலும் எந்தக் குழு எதைப் பார்க்கலாம், எழுதலாம், அழிக்கலாம், பகிரலாம் என்று அனுமதி அல்லது மறுப்பு போடுவது.

யாரையும் உள்ளே விடுவதற்கு முன் போலிக் காகிதங்களை வைத்து, சோதனைக் கணக்குகளைத் திறந்து இதைப் பார்த்தேன். இரண்டு இடத்தில் திட்டம் இடித்தது.

ஒன்று, உள் ஃபோல்டருக்குப் போக வேண்டுமென்றால் வெளி ஃபோல்டரைப் பார்க்கும் அனுமதி வேண்டும். அதைக் கொடுத்துவிட்டு, அவருக்குத் தேவையில்லாத கோவை ஒவ்வொன்றிலும் மறுப்பு போட வேண்டும். குறிப்பிட்டு எதுவும் போடாத ஃபோல்டர் மேலே உள்ளதன் அனுமதியை அப்படியே எடுத்துக்கொள்ளும். அதாவது, கள உத்தியோகத்தர் இன்றைக்குப் புதிதாக ஒரு கோவை திறந்தால், யாராவது போய் மறுப்பு போடும்வரை அது வெளியார் எல்லோருக்கும் திறந்தே கிடக்கும். மறதிக்கு இடம் வைக்கும் அமைப்பு காணிக் காகிதத்துக்குச் சரிவராது.

இரண்டாவது இன்னும் முக்கியம். ஒருவர் இரண்டு குழுவில் இருந்து, ஒரு குழுவுக்கு அனுமதியும் மற்றதுக்கு மறுப்பும் இருந்தால், இந்தச் செயலியில் அனுமதிதான் வெல்லும். மறுப்பு வெல்லும் என்றுதான் பலரும் எண்ணுவார்கள். எங்களுடைய மாணவர்களில் சிங்களம் நன்றாகத் தெரிந்தவர்கள் சில நேரம் மொழிபெயர்ப்பிலும் உதவுவார்கள். அவர்களை இரண்டு குழுவிலும் சேர்த்த உடனே, ஒரு குழுவுக்குப் போட்ட மறுப்பெல்லாம் மற்றக் குழுவின் அனுமதியால் கரைந்துபோகிறது. சோதனைக் கணக்கில் அதைக் கண்ணால் பார்த்த பிறகு, குழுவை வைத்து வெளியாரைக் கட்டுப்படுத்தும் யோசனையையே விட்டோம்.

சம்மதப் படிவத்திலிருந்து தொடங்கினோம்

அடுத்த திட்டத்தைக் கணினியில் தொடங்கவில்லை. எங்கள் பொறுப்பாளர் அக்காவும் நானும் கள உத்தியோகத்தர்களும் உட்கார்ந்து, குடும்பங்களிடம் கையெழுத்து வாங்கும் சம்மதப் படிவத்தை எடுத்து வைத்தோம். அதில் ‘எனது ஆவணங்களைத் தேவையானவர்களுக்குக் காட்டச் சம்மதிக்கிறேன்’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. தேவையானவர் யார் என்பதை நாங்கள் தீர்மானித்துக்கொண்டிருந்தோம். காகிதம் அவர்களுடையது, யாருக்குக் காட்டலாம் என்ற முடிவும் அவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஒரு வரியைப் பிரித்து நில அளவையாளர், சட்டத்தரணி, மொழிபெயர்ப்பாளர் என்று தனித்தனி வரியாக்கினோம். ஒவ்வொரு வரியிலும் ஆளின் பெயரை எழுத இடம், ஆம் அல்லது இல்லை, கையெழுத்து அல்லது கைநாட்டு. அந்த வரியில் ‘ஆம்’ இல்லாமல் கணினியில் பகிர்வு திறப்பதில்லை. இதுதான் முழு அமைப்புக்கும் அடிப்படை, மற்றதெல்லாம் இதை நடைமுறையாக்கும் வேலை.

இது வெறும் தாள் வேலையாக இருக்கவில்லை. நிலாவெளிப் பக்கத்து அம்மா ஒருவர் படிவத்தில் நில அளவையாளரின் பெயரைப் பார்த்ததும், “பிள்ளை, இவர் மற்றப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம், இவர் வேண்டாம்” என்றார். திருகோணமலை சின்ன ஊர், நாலு பேரை விசாரித்தால் ஐந்தாவது ஆள் சொந்தமாகத்தான் இருப்பார். பழைய படிவம் இருந்திருந்தால் அவருடைய எல்லை விவரங்கள் அதே நில அளவையாளருக்குப் போயிருக்கும். வேறொருவரைக் கந்தளாயிலிருந்து ஒழுங்கு செய்தோம்.

கணினியில் அமைப்பு இப்படி வந்தது. டீம் ஃபோல்டர் எங்கள் ஊழியருக்கு மட்டும், வெளியார் எவரும் அதன் உறுப்பினர் இல்லை. ஒவ்வொரு கோவைக்கும் இலக்கம் மட்டுமே பெயர், குடும்பப் பெயரோ ஊர்ப் பெயரோ எங்கும் கிடையாது. உள்ளே அசல், வேலை, வெளியே என்று மூன்று பிரிவு. ‘வெளியே’ என்பதற்குள், சம்மதம் கிடைத்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு ஃபோல்டர், அவருக்குத் தேவையான பிரதிகள் மட்டும் அதில். அந்தச் சிறு ஃபோல்டரைத்தான் அவருடைய கணக்கோடு பகிர்கிறோம். அவர் உள்நுழைந்தால் ‘0412-அளவை’ என்ற ஒன்று மட்டும் தெரியும். மேலே என்ன இருக்கிறது, பக்கத்தில் எத்தனை கோவை இருக்கிறது என்று எதுவும் தெரியாது. புதிய கோவை திறந்தால் அது தானாகவே மூடியிருக்கும், திறப்பதற்குத்தான் ஒருவர் வேலை செய்ய வேண்டும்.

கணக்குகளுக்கு கெஸ்ட்ஸ் செயலியைப் போட்டேன். மின்னஞ்சல் முகவரியை வைத்து வெளியார் கணக்கு திறக்கலாம். அந்தக் கணக்குக்குச் சொந்தச் சேமிப்பிடம் கிடையாது, தன்னோடு பகிர்ந்ததை மட்டும் பார்க்கும். எந்தெந்தச் செயலிகளை அவர்கள் பயன்படுத்தலாம் என்று பட்டியல் போடலாம், மற்றப் பயனர்களின் பெயர்களை அவர்களிடமிருந்து மறைக்கலாம். இந்த மறைப்பை மறக்காமல் போடுங்கள். இல்லாவிட்டால் பகிரும் பெட்டியில் ஒரு எழுத்தைத் தட்டினாலே எங்களோடு யார் யார் வேலை செய்கிறார்கள் என்று பட்டியல் விழலாம்.

நிர்வாகப் பக்கத்தில் பகிர்வுகளுக்குக் காலாவதித் தேதியைக் கட்டாயமாக்கினேன், உச்சம் 90 நாள். மொழிபெயர்ப்புக்கு 14 நாள், அளவைக்கு 60 நாள் என்று பகிரும்போதே குறைத்துப் போடுகிறோம். சட்டத்தரணிக்கு வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், அதனால் 90 நாளுக்கு ஒருமுறை கள உத்தியோகத்தர் புதுப்பிப்பார். புதுப்பிக்கும் வேலையை என்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. கோவை இன்னும் நடக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். மறுபடி பகிரும் அனுமதியை ஒவ்வொரு பகிர்விலும் எடுத்துவிடுகிறோம். வேறு சேவையகங்களோடு பகிரும் வசதியையும் மூடியாயிற்று.

ஆட்களோடு பட்டது

நில அளவையாளர் ஐயா அனுபவசாலி, நல்ல மனிதர். கணக்கு திறந்து கொடுத்ததும் தொலைபேசி எடுத்து, “பிள்ளை, இதை வட்ஸ்அப்பில போட்டு விடுங்கோவன், இதுக்குள்ள போய்ப் பார்க்க எனக்கு நேரமில்லை” என்றார். சட்டம், பாதுகாப்பு என்று விளக்கினால் எடுபடாது. அதனால் பழைய அளவைப் படம் ஒன்றை இரண்டு வழியிலும் அவருடைய தொலைபேசியில் காட்டினேன். வட்ஸ்அப்பில் படமாகப் போனது சுருங்கி, எல்லைக் கோட்டில் எழுதிய நீள எண்களில் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. நெக்ஸ்ட்கிளவுட்டில் அசல் அளவில் திறந்தது, பெருப்பித்துப் பார்த்தால் ஒவ்வொரு எண்ணும் தெளிவு. பேர்ச் (காணிப் பரப்பின் சிறு அலகு) கணக்கில் சண்டை நடக்கும் ஊரில் அது போதுமான காரணம். தொலைபேசிச் செயலியை நிறுவி, முகப்பில் வைத்துக் கொடுத்தேன். இப்போது தன்னுடைய வரைவுப் படத்தையும் அதே ஃபோல்டரில் ஏற்றுகிறார்.

சட்டத்தரணி விடயம் வேறு மாதிரி. எல்லாக் கணக்குக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருந்தேன், தொலைபேசியில் வரும் ஆறு இலக்கக் குறியீடு. (வெளியாருக்கு அனுமதித்த செயலிப் பட்டியலில் அந்தச் சரிபார்ப்புச் செயலியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) சட்டத்தரணி சேர் நீதிமன்றத்தில் நிற்கும் நேரம் அவருடைய லிகிதர் (எழுத்தர்) அலுவலகத்தில் இருந்து கோவையைத் திறக்கப் பார்ப்பார், குறியீட்டுக்காக சேருக்கு அழைப்பார், சேர் எடுக்க மாட்டார். இந்தச் சரிபார்ப்பை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். எடுக்கவில்லை. லிகிதருக்குத் தனிக் கணக்கு திறந்தோம், சம்மதப் படிவத்தில் அவருக்கும் ஒரு வரி சேர்த்தோம். உண்மையில் காகிதத்தைக் கையில் எடுப்பவர் அவர்தான், குடும்பத்துக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பதிவிலும் யார் எப்போது திறந்தார் என்பது இப்போது சரியாக விழுகிறது. ஒரு கணக்கை இருவர் பாவித்தால் அந்தப் பதிவுக்கு எந்த மதிப்பும் இல்லை.

கணக்காய்வாளருக்குக் கோவைகள் பக்கமே வழி இல்லை. பற்றுச்சீட்டுகளும் வவுச்சர்களும் தனி ஃபோல்டரில், பார்ப்பதற்கு மட்டும். பயனாளிகள் உண்மையானவர்களா என்று உறுதிப்படுத்தப் பெயர்ப்பட்டியல் கேட்டார், அவர் கேட்பது அவருடைய கடமை. கோவை இலக்கமும் கையெழுத்தும் உள்ள தாளை அலுவலகத்தில் வைத்துக் காட்டினோம், அவர் விரும்பிய சிலதை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார், பிரதி கொடுக்கவில்லை. வேலை முடிந்தது.

குடும்பங்கள் தாங்களே காகிதம் அனுப்புவதற்கு, ஏற்ற மட்டும் முடியும் இணைப்பு கொடுக்கிறோம். கடவுச்சொல் உண்டு, ஒரு வாரத்தில் காலாவதி. ஏற்றியவருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கொமியூனிகேஷன் கடைக் கணினியில் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டாம், பிள்ளைகளின் தொலைபேசியில் படம் பிடித்து ஏற்றுங்கள் என்று சொல்லிவிடுகிறோம். கடைக் கணினியின் டவுன்லோட் ஃபோல்டரில் ஊரில் பாதிப் பேரின் உறுதி கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

கறுப்புப் பெட்டிக்குக் கீழே என்ன இருக்கிறது

மொழிபெயர்ப்பாளருக்கு அடையாள அட்டை எண் தேவையில்லை, பெயரும் பெரும்பாலும் தேவையில்லை. அவற்றைக் கறுப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது, இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

எங்கள் ஸ்கேன்களை ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற கருவியில் ஓட்டுகிறோம். அதனுள் ஓடும், படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் தமிழையும் சிங்களத்தையும் படிக்கும் என்பதால், படத்துக்குப் பின்னால் தேடக்கூடிய எழுத்துப் படலம் ஒன்று சேர்கிறது. ஆயிரக்கணக்கான பக்கத்தில் ஒரு காணித் துண்டின் பெயரைத் தேட இது பெரிய உதவி. ஆனால் பிடிஎஃப்பின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் கண்ணுக்கு மட்டும்தான் மறைகிறது. படலத்தில் எண் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் வந்து விழும். பெட்டியை நகர்த்தினாலும் தெரிந்துவிடும். அதனால் கறுப்பாக்கிய பக்கங்களைப் படமாக ஏற்றுமதி செய்து, அந்தப் படங்களிலிருந்து புதிதாக ஒரு பிடிஎஃப் செய்கிறோம். பிறகு ஒவ்வொரு கோப்பிலும் தேர்ந்தெடுத்து ஒட்டிப் பார்ப்பது கட்டாயம். ஒரு எழுத்து வந்தாலும் அந்தக் கோப்பு வெளியே போகாது.

இன்னொன்றும் உண்டு. கறுப்பாக்கிய பிரதியை அசலின் அதே பெயரில், அதே இடத்தில் மேலெழுதிச் சேமிக்கக் கூடாது. நெக்ஸ்ட்கிளவுட் பழைய பதிப்புகளை வைத்திருக்கும், கறுப்பில்லாத பதிப்பு உள்ளேயே இருக்கும். எப்போதும் ‘வெளியே’ ஃபோல்டரில் புதுக் கோப்பாகத்தான் வைக்க வேண்டும்.

கை தவறினால் தடுக்க ஒரு விதியும் போட்டிருக்கிறேன். வெளியார் கணக்குகளை எல்லாம் ‘வெளியார்’ என்ற குழுவில் சேர்த்து, கோப்பு அணுகல் கட்டுப்பாட்டுச் செயலியில், பெயர் ‘அசல்’ என்று தொடங்கும் கோப்பை அந்தக் குழு திறக்க முடியாதபடி செய்தேன். ஸ்கேன்களுக்கு அந்த முன்னொட்டை நாங்கள் எப்போதும் வைக்கிறோம். யாராவது அவசரத்தில் அசலை இழுத்து வெளி ஃபோல்டரில் விட்டாலும் திறக்காது. பெயரை மாற்றினால் இந்த விதி வேலை செய்யாது, அது அவசரத் தவறுக்கான தடுப்பு மட்டும். அதே செயலியில், வெளியார் மேசைக் கணினி ஒத்திசைவுச் செயலி வழியாக இணைவதையும் தடுத்திருக்கிறேன். ஒத்திசைவு நடந்தால் முழு ஃபோல்டரும் அவர்களின் மடிக்கணினியில் தானாகவே குடியேறிவிடும்.

இத்தனை செய்தும், பதிவிறக்கிய கோப்பைத் திரும்ப வாங்க எந்த மென்பொருளாலும் முடியாது. பதிவிறக்க பொத்தானை மறைக்கலாம், திரையைப் படம் பிடிப்பதை மறைக்க முடியாது. சட்டத்தரணி அச்செடுத்துத்தான் நீதிமன்றம் கொண்டுபோக வேண்டும், அவருக்குப் பதிவிறக்கம் கொடுத்தே ஆகவேண்டும். அதனால்தான் எதைக் காட்டுவது என்ற முடிவில் இவ்வளவு நேரம் செலவழிக்கிறோம்.

கோவை மூடும்போது

தணிக்கைப் பதிவுச் செயலி எல்லா உள்நுழைவையும், பகிர்வையும், கோப்புத் திறப்பையும் தனிக் கோப்பில் எழுதுகிறது. வாரம் ஒருமுறை அதைப் பார்க்கிறேன்: ஒரே மூச்சில் நிறையப் பதிவிறக்கம், வழக்கமில்லாத நேரத்தில் உள்நுழைவு, ஊழியர் யாராவது படிவமில்லாமல் திறந்த பகிர்வு. மூன்றாவதுதான் அதிகம் வரும். பெரும்பாலும் படிவம் மேசையில் இருக்கும், பதிவேட்டில் ஏறியிருக்காது.

பதிவேடு என்பது சாதாரண கொப்பிதான். கோவை இலக்கம், ஆள், எதற்காக, திறந்த தேதி, மூட வேண்டிய தேதி, மூடிய தேதி, பொறுப்பாளரின் கையெழுத்து. கரண்ட் இல்லாத நேரத்திலும் திறந்து பார்க்கலாம்.

கோவை முடிந்ததும் பகிர்வுகளை அழிக்கிறோம். வேறு கோவை எதுவும் இல்லாத வெளியார் கணக்கை முடக்குகிறோம். அச்செடுத்தவற்றைத் திருப்பித் தரும்படியோ அழித்ததாகக் கையெழுத்திடும்படியோ கேட்கிறோம். பிறகு தணிக்கைப் பதிவிலிருந்து அந்தக் கோவைக்கான வரிகளை மட்டும் எடுத்து, யார், எந்தக் காகிதத்தை, எந்தத் தேதியில் திறந்தார் என்று தமிழில் ஒரு பக்கமாக அச்சடித்து, அசல் காகிதங்களோடு குடும்பத்தின் கையில் கொடுக்கிறோம். அந்தப் பக்கத்தை வாங்குபவர்கள் பலரும் முதலில் கேட்பது, வரிசையில் உள்ள ஒரு பெயரைக் காட்டி, “இவர் யார்?” என்றுதான். பெரும்பாலும் அது லிகிதரின் பெயராக இருக்கும். அதனால் இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் என்ன வேலைக்காகத் திறந்தார் என்பதையும் ஒரு வரியில் எழுதுகிறோம்.